சிஓ2 பிஸ்டல் ட்ரிகர் கரகரன்னு இழுக்குது, ஸ்மூத் பண்ண என்ன வழி?

குறிக்கோள்77:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ஒரு சிஓ2 சிங்கிள் ஷாட் பிஸ்டல் இருக்கு, 4.5 எம்எம், 12 கிராம் கேட்ரிட்ஜ் போடுற டைப். பாரல்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, மணல் மூட்டை மேல வெச்சு சுட்டா பத்து மீட்டர்ல ஓட்டை மேலயே ஓட்டை விழுது. நின்னுக்கிட்டு ஒத்தக் கையில சுட்டா மட்டும் எல்லாம் இடது பக்கம் கீழ போயி உக்காருது (நான் வலது கை). ட்ரிகர்தான் வில்லன்னு நினைக்கிறேன். இழுக்க ஆரம்பிச்சா கொஞ்ச தூரம் சும்மா வருது, அப்புறம் கரகரன்னு ரெண்டு மூணு எடத்துல மாட்டி மாட்டி வருது, எப்ப விடும்னே தெரியல, விட்டதும் விரல் வேகமா பின்னாடி போயி இடிக்குது, அதுல மூக்கு கீழ எறங்குது. லக்கேஜ் எடை பாக்குற டிஜிட்டல் தராசோட கொக்கிய மாட்டி இழுத்துப் பாத்தேன், 2.1 கிலோ காட்டுது. ஒரு வீடியோல ஸ்ப்ரிங்க வெட்டுறாங்க, இன்னொண்ணுல சியர, அதான் வால்வத் தட்டுற ஹேமரப் புடிச்சு வெச்சிருக்குற கொக்கிய, அரத்தால தேய்க்கிறாங்க. எத நம்புறது?

பெல்லட்பிரியன்:
ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. சியர் ஸ்ப்ரிங்க எடுத்துட்டு பால் பாயின்ட் பேனா ஸ்ப்ரிங்க அளவுக்கு வெட்டிப் போடுங்க, பத்து நிமிஷ வேலை, வெயிட்டு பாதியா எறங்கிடும். க்ராஸ்மேன் 2240, 1377 வெச்சிருக்கிறவங்க பாதிப் பேரு இதத்தான் பண்றாங்க.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, ஒரு நிமிஷம் இருங்க. பேனா ஸ்ப்ரிங் போட்டா வெயிட்டு எறங்கும், அது உண்மைதான், ஆனா உங்க பிரச்சனை வெயிட்டு இல்லையே. நீங்க எழுதுனதையே திரும்பப் படிச்சுப் பாருங்க, "கரகரன்னு", "மாட்டி மாட்டி", "எப்ப விடும்னே தெரியல", "பின்னாடி போயி இடிக்குது". இந்த நாலுல ஒண்ணு கூட ஸ்ப்ரிங் வேலை இல்ல. முதல் மூணும் உராய்வும் க்ரீப்பும் (விடுறதுக்கு முன்னாடி ட்ரிகர் ஊர்ந்து வர்றது), நாலாவது ஓவர் ட்ராவல் (விட்டப்புறமும் ட்ரிகர் பின்னாடி போறது). வெறும் ஸ்ப்ரிங்க மட்டும் மாத்துனா லேசா இழுக்குற ஒரு கரகர ட்ரிகர்தான் கிடைக்கும்.

ட்ரிகர் வெயிட்டு எங்கெங்க இருந்து வருதுன்னு பிரிச்சுப் பாத்துட்டா குழப்பம் போயிடும். ஒண்ணு ட்ரிகர முன்னாடி தள்ளி வெக்கிற ஸ்ப்ரிங், சில மாடல்ல சியருக்குத் தனியா ஒண்ணு இருக்கும், சிலதுல ஒரே ஸ்ப்ரிங் ரெண்டு வேலையும் பாக்கும். இன்னொண்ணு சியரும் ஹேமரோட காடியும் (சியர் மாட்டுற பள்ளம்) ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி உக்காந்திருக்கிற எடத்து உராய்வு. ஹேமர் ஸ்ப்ரிங் எவ்வளவு பலமோ அவ்வளவு அழுத்தம் அங்க விழும், அந்த முகம் சொரசொரன்னு இருந்தா அதுதான் விரலுக்குக் கரகரன்னு வந்து சேருது. அப்புறம் பின்னு, பின்னு ஓட்டை, பக்கச் சுவர்ல லீவர் உரசுறது, இதெல்லாம் தனித்தனியா சின்னது, சேந்தா பெருசு. பாலிஷ் பண்ணா உராய்வுப் பங்கு மட்டும்தான் கொறையும். ஸ்ப்ரிங்க மாத்துனா ஸ்ப்ரிங் பங்கு மட்டும்தான் கொறையும். ஆனா சுடுறவன் விரலு கண்டுபிடிக்கிறது என்னமோ உராய்வத்தான், ஒரே சீரா ஏறுற 1.5 கிலோவ விரல் பொறுத்துக்கும், நடுவுல ரெண்டு தடவ தடுக்குற 900 கிராம பொறுத்துக்காது.

அதனால மொதல்ல அரத்த எடுத்து உள்ள வைங்க. அரம் இந்த வேலைக்கே வேண்டாம்.

பெல்லட்பிரியன்:
அண்ணே நீங்க சொல்றது சரி, ஆனா சும்மா பயமுறுத்துறீங்களோன்னு இருக்கு. போட்டியில சுடுறவங்க 500 கிராம் ட்ரிகர் வெச்சு சுடுறாங்க, நம்ம 2 கிலோ வெச்சு அழணுமா?

பத்துமீட்டர்:
500 கிராம்ங்கிறது கீழ்வரம்பு நண்பா. சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் வெயிட்டு 500 கிராமுக்குக் கொறையக் கூடாது. பாரல செங்குத்தா மேல பாக்க வெச்சு, ட்ரிகர்ல எடைக்கல்ல மாட்டித் தூக்குவாங்க, அது விடாம தாங்கணும், மூணு தடவைக்கு மேல வாய்ப்பு கிடையாது. காத்து, கேஸ் பிஸ்டலுக்கு அந்த நேரத்துல காத்தோ கேஸோ சார்ஜ் ஆகி இருக்கணும். விவரம் தெரிஞ்சவங்க 500லயே நிறுத்த மாட்டாங்க, 510, 520ன்னு கொஞ்சம் இடம் விட்டுத்தான் வெப்பாங்க.

முக்கியமான விஷயம், அந்த 500ஐ எப்படிப் பிரிச்சு வெக்கிறாங்கங்கிறது. நெறைய பேரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கே (சுவர் மாதிரி ஒரு தடை வர்ற வரைக்கும் இழுக்குற பகுதி) 350, 400ன்னு குடுத்துட்டு செகண்ட் ஸ்டேஜுக்கு (அந்தத் தடையத் தாண்டி விடுற பகுதி) மீதி நூத்திச் சொச்சம் வெப்பாங்க. குறி வட்டத்துக்குள்ள எறங்கும்போதே முக்கால்வாசி பாரத்த விரல் ஏத்திக்கிட்டிருக்கும், கடைசியில ஒரு சின்ன கூடுதல் அழுத்தம், அவ்வளவுதான். அதுல சுகமே அந்தச் சுவர் எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியறதுதான். ஸ்டெயர் எல்பி10, பார்டினி கே12 மாதிரி பிஸ்டல்ல இதுக்கெல்லாம் தனித்தனி ஸ்க்ரூ உண்டு, மொரினி சிஎம்162ல எலக்ட்ரானிக் ட்ரிகர் வெர்ஷனே இருக்கு, அதுல சியர் உராய்வுங்கிற பேச்சே இல்ல.

இன்னொண்ணு, குறிக்கோள்77 சொன்ன இடது கீழ் விஷயம். பிஸ்டல் எடை ஒரு கிலோ சுத்தி இருக்கும்னு வைங்க, ட்ரிகர் 2.1 கிலோ. துப்பாக்கியோட எடையப் போல ரெண்டு மடங்கு பலத்த ஒத்த விரல்ல போட்டு இழுக்கிறீங்க, அது நேரா பின்னாடி வராம கொஞ்சம் சாஞ்சு வந்தாலும் முனை அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். ட்ரிகர சரி பண்ணுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா மொத்தப் பழியும் அது மேல போடாதீங்க, விரல் நுனிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவுல இருக்குற சதைப்பகுதி ட்ரிகர்ல உக்காருதான்னு பாருங்க.

பழைய_ஃபிட்டர்:
பத்துமீட்டர் சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். மேட்ச் பிஸ்டல்ல 500 கிராம் ஆபத்தில்லாம வேலை செய்றதுக்குக் காரணம் அதோட உள் அமைப்பு. ஹேமர் ரொம்பச் சின்னது, சியருக்கு வர்ற பாரமும் கம்மி, நடுவுல லீவர் வெச்சு அதையும் கொறைச்சிருப்பாங்க, எல்லா முகமும் கடினமான ஸ்டீல்ல துல்லியமா கிரைண்ட் பண்ணது. நம்ம கையில இருக்குறதுல நெறைய ஒரே ஒரு சியர், நேரா ஹேமர் மேல. சியர் அழுத்தித் தட்டுன தகடாவோ, துத்தநாக வார்ப்பாவோ கூட இருக்கலாம். அதுல போயி 500 கிராம் தேடுனா, சியர் காடிக்குள்ள முடி அளவுதான் புடிச்சிருக்கும், கீழ வெச்சா கூட விட்டுரும்.

சேஃப்டி போட்டிருக்கேனே அப்படின்னு சொல்வாங்க. நெறைய மாடல்ல சேஃப்டி ட்ரிகர் பிளேட மட்டும்தான் பூட்டும், சியரப் பூட்டாது. சியர் தானா நழுவுனா சேஃப்டி வேடிக்கை பாக்கும்.

குறிக்கோள்77:
அண்ணா, சார், ரொம்ப நன்றி, இப்பத்தான் புரியுது. அப்ப நான் என்ன வரிசையில பண்றது? கழட்டத் தெரியும், முன்னாடி சீல் மாத்தியிருக்கேன். சியர் காந்தத்துல ஒட்டுது, அதனால ஸ்டீலுன்னு நினைக்கிறேன்.

பழைய_ஃபிட்டர்:
நல்லது. மொதல்ல கேட்ரிட்ஜ எடுங்க, எடுத்தப்புறமும் வால்வுக்குள்ள கேஸ் மிச்சம் இருக்கும், பாரல்ல பெல்லட் இல்லன்னு கண்ணால பாத்துட்டு பாதுகாப்பான பக்கம் நீட்டி சத்தம் நிக்கிற வரைக்கும் சுட்டுடுங்க. கண்ணாடி போட்டுக்கங்க, சியர் ஸ்ப்ரிங் பறக்கிறதுல பலே கில்லாடி. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு பக்கமும் போட்டோ.

கழட்டுனதும் எதையும் தேய்க்காதீங்க. எல்லாத்தையும் கழுவுங்க, மண்ணெண்ணெயோ பிரேக் கிளீனரோ போதும் (ரப்பர் சீல் பக்கம் போகாம). ஃபேக்டரில போட்ட கெட்டியான கிரீஸும் இரும்புத் தூளும் கலந்து ஒரு பேஸ்ட் மாதிரி இருக்கும், பாதிக் கரகரப்பு அதுதான். கழுவித் தொடச்சு, கொஞ்சூண்டு கிரீஸ் போட்டு மாட்டி இழுத்துப் பாருங்க. இதுலயே திருப்தின்னா இங்கயே நிறுத்திடலாம், நான் சொல்றது சீரியஸா.

பத்தலன்னா அடுத்து பிசிறு. தகட்டுல தட்டுன லீவரோட ஓரத்துல ஒரு பக்கம் பிசிறு இருக்கும், நகத்த ஓட்டுனா தெரியும். அந்தப் பக்கச் சுவர் உரசுற முகத்த, பின்னு வெளிப்பக்கத்த, ட்ரிகர் போயி சியரத் தள்ளுற முனைய, இந்த மூணையும் தைரியமா பாலிஷ் பண்ணலாம். ஒரு கண்ணாடித் துண்டு மேல 1000 நம்பர் உப்புத்தாள ஒட்டி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பார்ட்ட தாள் மேல நகத்துங்க. தாள விரல்ல சுத்தி பார்ட்ட தேய்க்காதீங்க, ஓரம் உருண்டு போகும். அப்புறம் 1500, 2000, கடைசியில மெட்டல் பாலிஷ். பின்ன ட்ரில் சக்கில மாட்டி மெதுவா சுத்தவிட்டு 2000 தாளால புடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், ஆனா விட்டம் கொறையுற அளவுக்கு மோகம் வேண்டாம், பின்னு லூஸானா ட்ரிகர் லொடலொடக்கும்.

இப்ப அந்த சியர் முகம். இங்கதான் எல்லாரும் கெடுக்கிறது. கருப்பு மார்க்கர்ல சியர் முனைக்கும் ஹேமர் காடிக்கும் கலர் அடிங்க, மாட்டி, கேஸ் இல்லாம காக் பண்ணி (ஹேமர பின்னாடி இழுத்து சியர்ல மாட்டி) சில தடவ விட்டுட்டு எடுத்துப் பாருங்க. மை எங்க அழிஞ்சிருக்கோ அங்கதான் ரெண்டும் தொடுது. முழு அகலத்துக்கும் அழிஞ்சிருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. ஒரு மூலையில மட்டும் அழிஞ்சிருந்தா சியர் சாஞ்சு உக்காந்திருக்கு, அதுக்குத் தேய்ப்பு மருந்தில்ல, பக்கவாட்டு ஆட்டத்த எடுக்கணும், 0.1 எம்எம் பித்தளை ஷிம் (இடைவெளிய அடைக்கிற மெல்லிசு தகடு) ரெண்டு பக்கமும் போட்டா நிமிந்திடும்.

அந்த முகத்துல மேடு பள்ளத்த மட்டும் எடுக்கணும், கோணம் மாறவே கூடாது. ஸ்டீல் சியர்னா மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம், அந்தத் தோல் மெல்லிசு. அதத் தாண்டி தேச்சிட்டா உள்ள மெத்து, மொத வாரம் வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்புறம் முனை மழுங்கி தானா விட ஆரம்பிக்கும். அதனால சியர் முகத்துல 1500க்குக் கீழ தாளே வைக்காதீங்க, மெஷின் கோடு மங்குனதும் போதும், முழுசா மறையணும்னு அவசியமில்ல.

கோணத்தப் பத்தி ஒரு வரி. சரியா உக்காந்த சியர்ல ட்ரிகர மெதுவா இழுக்கும்போது ஹேமர் ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பின்னாடி நகந்துட்டு அப்புறம் விடும். கொஞ்சம் வெயிட்டு கூடும், ஆனா அது பாதுகாப்பான பக்கம், ஹேமர் ஸ்ப்ரிங்கே சியர உள்ளப் புடிச்சு வெக்குது. அசையாம நின்னு விட்டா நடுநிலை. இழுக்க இழுக்க ஹேமர் முன்னாடி ஊர்ந்தா கோணம் தலைகீழ், அந்த சியரக் குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, சரி பண்ண ட்ரை பண்ணாதீங்க.

சுருள்வில்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், என்னுது பிரேக் பாரல் ஸ்ப்ரிங் பிஸ்டல், பாரல மடக்கி உள்ள ஸ்ப்ரிங்க அமுக்குற டைப். இதே முறை எனக்கும் செட் ஆகுமா?

பழைய_ஃபிட்டர்:
சுத்தம் பண்றது, பிசிறு எடுக்கிறது, பின்னு பாலிஷ், இதெல்லாம் ஆகும். சியர் முகம் மட்டும் வேண்டாம். உங்களுதுல சியர் புடிச்சு நிக்கிறது ஒரு சின்ன ஹேமர இல்ல, பிஸ்டனையும் மெயின் ஸ்ப்ரிங் மொத்தத்தையும், பல பத்து கிலோ பாரம். அதனாலதான் வைராக் ரைஃபிள்ல வர்ற ரெக்கார்ட் ட்ரிகர்ல நடுவுல லீவர் வெச்சு பாரத்த எறக்கியிருக்காங்க, பிஸ்டல்ல அந்த எடம் கம்மி. அதோட பாரல் திறந்து கெடக்கும்போது சியர் நழுவுனா பாரல் சடார்னு மூடும், விரல் நடுவுல இருந்தா போச்சு. பெல்லட் போடும்போது எப்பவும் பாரல ஒரு கையில அழுத்திப் புடிச்சுக்கங்க, ட்ரிகர் வேலை பாத்த துப்பாக்கின்னா ரெண்டு மடங்கு. கழட்டணும்னா ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் இல்லாம தொடாதீங்க. பெல்லட் இல்லாம சுட்டு டெஸ்ட் பண்ணவும் கூடாது, முன்னாடி காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் போயி நேரா முட்டும், சீல் கெடும்.

மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் சியருக்கு நல்லது, பின்னுக்கும் நல்லது, ஆனா கம்ப்ரஷன் சேம்பர் பக்கம் வழிய விடாதீங்க, அழுத்தத்துல எரிஞ்சு டீசல் என்ஜின் வேலை பாக்கும்.

பெல்லட்பிரியன்:
சரிண்ணே, ஒத்துக்குறேன், சியர் மேட்டர்ல. ஸ்ப்ரிங் விஷயத்துல இன்னும் நான் விடமாட்டேன். ரெண்டு சுத்து வெட்டுனா என்ன ஆகிடும்?

வளைகம்பி:
ஸ்ப்ரிங் என் ஏரியா, நான் சொல்றேன். சுத்த வெட்டுனா ஸ்ப்ரிங் மெத்தாகாது, கடினமாகும். சுத்து எண்ணிக்கை கொறையக் கொறைய ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கறதுக்கும் பலம் அதிகமா கேக்கும். ஆரம்ப அழுத்தம் கொறையுறதால லேசானது போல தோணும், இழுக்க இழுக்க சட்டுனு ஏறும். வெட்டுன முனை தட்டையா இல்லாம கோணலா நின்னு ஸ்ப்ரிங் வளையும், பக்கத்துல உரசும், அதுவே புதுசா ஒரு கரகர.

அதே நீளம், அதே வெளி விட்டம், கம்பி மட்டும் மெல்லிசுன்னு தேடுங்க. பலம் கம்பித் தடிமனோட நாலாவது அடுக்குல மாறும், 0.8 எம்எம் கம்பிய 0.7 ஆக்குனா பலம் கிட்டத்தட்ட 60 சதவீதத்துக்கு வந்திடும், சுருள் விட்டமும் சுத்தும் மாறாம இருந்தா. கால் மில்லிமீட்டர் கூட இல்ல, ஆனா வித்தியாசம் அவ்வளவு. பேனா ஸ்ப்ரிங் சில துப்பாக்கியில வேலை செய்யறது தற்செயலா தடிமன் ஒத்துப்போறதால. ஆனா பேனா ஸ்ப்ரிங் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி, சில சமயம் சியர முழுசா திருப்பிக் கொண்டுவர பலம் பத்தாது, காக் பண்ணும்போது காடிய அரையும் கொறையுமாப் புடிக்கும், ஆபத்தே அதுதான்.

ஹேமர் ஸ்ப்ரிங்க மெத்தாக்குனாலும் ட்ரிகர் லேசாகும், ஆனா வால்வத் தட்டுற அடி கொறையும், பெல்லட் வேகமும் சேந்து போகும். ட்ரிகருக்காக அதத் தொடாதீங்க.

குறிக்கோள்77:
கழுவிட்டேன், பிசிறு எடுத்துட்டேன், பின்னு ட்ரிகர் முனை எல்லாம் 2000 வரைக்கும் போயாச்சு, சியர் முகத்துல 2000 தாளும் பாலிஷும் மட்டும். மார்க்கர் டெஸ்ட்ல வலது மூலை மட்டும் தொட்டுச்சு, ஷிம் போட்டதும் முக்கால்வாசி அகலம் தொடுது. தராசுல 1.7 கிலோ வருது. நம்பர் பெருசா எறங்கல ஆனா நம்ப முடியல, வேற துப்பாக்கி மாதிரி இருக்கு, மாட்டவே மாட்டேங்குது, வழுக்கிக்கிட்டே வந்து விடுது. ஹேமர் விடுறதுக்கு முன்னாடி துளி பின்னாடி போகுது, ஓட்டை வழியா பாத்தேன். இப்ப ரெண்டு கேள்வி. தராசுல ஒவ்வொரு தடவையும் 1.6, 1.8ன்னு மாறுது, அது ஏன்? ஓவர் ட்ராவல என்ன பண்றது, என் ட்ரிகர்ல ஸ்க்ரூ இல்ல.

பத்துமீட்டர்:
கொக்கி மேலயும் கீழயும் நகருது, அதான். பின்னுக்குப் பக்கத்துல மாட்டுனா அதிகமா காட்டும், பிளேடு நுனியில மாட்டுனா கம்மியா காட்டும், லீவர் கணக்கு. விரல் உக்காற எடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு எப்பவும் அங்கயே மாட்டுங்க, இழுக்கிற திசை பாரலுக்கு நேரா இருக்கணும், மெதுவா இழுங்க. தராசு வேணாம்னா பாட்டில்ல தண்ணி ஊத்திக் கட்டித் தூக்குங்க, லிட்டருக்கு ஒரு கிலோ, பாட்டில் எடைய மறக்காம சேத்துக்கங்க, நான் தராச விட இதத்தான் நம்புவேன்.

பழைய_ஃபிட்டர்:
சந்தோஷம் தம்பி. ஓவர் ட்ராவலுக்கு, ட்ரிகர் பிளேடு தடிமனா இருந்தா பின்பக்கமா ஒரு எம்3 ஓட்டை போட்டு மரை வெட்டி, தலையில்லாத க்ரப் ஸ்க்ரூ போட்டு ஃப்ரேம்ல முட்ட வைக்கலாம். பிளாஸ்டிக் பிளேடுன்னா மரை நிக்காது, ட்ரிகர் கார்டுக்குள்ள, ட்ரிகருக்குப் பின்னாடி ஒரு ரப்பர் துண்ட ஒட்டிப் பாருங்க, அழகில்ல ஆனா வேலை செய்யும். ஸ்க்ரூவ ரொம்ப நெருக்கி வைக்காதீங்க. சியர் விட்டப்புறமும் அது காடிய விட்டு முழுசா வெளிய வரணும், இல்லன்னா ஹேமர் போற வழியில சியர உரசிக்கிட்டே போகும், முனையும் தேயும், வேகமும் ஒரே மாதிரி வராது. விடுற புள்ளியக் கண்டுபிடிச்சு, அதுக்கு மேல அரைச் சுத்து பின்னாடி விட்டு, லாக்டைட் (ஸ்க்ரூ தானா கழலாம புடிக்கிற பசை) ஒரு சொட்டு, மெத்தான கிரேடு.

இப்ப தட்டிப் பாக்குற டெஸ்ட். கேஸ் இல்லாம, பெல்லட் இல்லாம காக் பண்ணி, சேஃப்டிய எடுத்துட்டு, ரப்பர் சுத்தியால பிடிய, பக்கவாட்ட, பின்பக்கத்த நல்லாத் தட்டுங்க. அப்புறம் ட்ரிகர பாதி இழுத்து விட்டுட்டுத் திரும்பத் தட்டுங்க, இதத்தான் நெறைய பேரு விட்டுடுவாங்க, பாதி இழுத்த சியர் திரும்பி முழுசா உள்ள போகுதான்னு இதுலதான் தெரியும். ஒரு தடவ விழுந்தாலும் அந்தத் துப்பாக்கியில கேஸ் போடக் கூடாது.

சுருள்வில்:
ஸ்ப்ரிங் பிஸ்டலுக்கு இந்த டெஸ்ட் எப்படிண்ணா, காலியா விழுந்தா சீல் போயிடுமே?

பழைய_ஃபிட்டர்:
பெல்லட் போட்டே பண்ணணும், முனை பெல்லட் ட்ராப்புக்குள்ள (பெல்லட்டத் தடுத்து நிறுத்துற பெட்டி), வைஸ்ல மெத்தையா புடிச்சு, எதுத்தாப்புல யாரும் நிக்காம.

குறிக்கோள்77:
தட்டிப் பாத்துட்டேன், பாதி இழுத்தும் பாத்தேன், ஒரு தடவை கூட விழல. எம்3 ஸ்க்ரூ போட்டாச்சு. வளைகம்பி சொன்ன மாதிரி மெல்லிசு கம்பி ஸ்ப்ரிங்கும் போட்டேன், இப்ப 1.3 கிலோ, அதோட டெஸ்ட்ட முழுசா திரும்பப் பண்ணேன். நின்னு சுட்டதுல இடது கீழ் கூட்டம் நடுவுக்கு வந்திருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் இடது. இன்னும் எறக்கலாமா?

பத்துமீட்டர்:
அந்த 1.3அ விடுங்க, அந்த அமைப்புக்கு அது நல்ல எடை. மிச்ச இடது விரல் எடத்துல இருக்கு. சைட்ட நகத்தாம காலி காக் பண்ணி வெள்ளைச் சுவரப் பாத்து ட்ரிகர் இழுங்க, முன் சைட்டு எந்தப் பக்கம் துள்ளுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, விரல எவ்வளவு உள்ள விடணும்னு அப்புறம் பேசலாம்.